ஏரி பொது, கரை யாருடையது? மின்னசோட்டாவின் பொதுவாழ்வு குறித்து ஒரு விசாரணை

1. கேள்வி

1973 ஆகஸ்ட் 13 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில், கட்டம்போட்ட சட்டை அணிந்த ஓர் ஆளுநர் தாம் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். மின்னசோட்டா மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் வெண்டல் ஆண்டர்சன் அவர். ஸ்வீடனிலிருந்து குடியேறிய குடும்பத்தின் வழிவந்தவர். வாட்டர்கேட் விசாரணையால் அமெரிக்க அரசியலின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்த கோடைக்காலம் அது. நேர்மையான நிர்வாகம், நல்ல பள்ளிகள், கைக்கெட்டும் தூரத்தில் ஏரிகள் என்று நல்வாழ்வுக்கு முன்மாதிரியாக இந்த வட மாநிலத்தை அந்த இதழ் முன்னிறுத்தியது.

2020 மே 25 அன்று அதே மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான மினியாபொலிஸில், காவல் அதிகாரி ஒருவரின் முழங்காலுக்கு அடியில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் உயிரிழந்தார். உலகத்தின் கண்ணில் மின்னசோட்டா என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு படங்கள்தாம். முதலாவதே உண்மை, இரண்டாவது விதிவிலக்கு என்பவர்கள் உண்டு. இரண்டாவதே உண்மை, முதலாவது வேடம் என்பவர்களும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். இரண்டு படங்களுக்கும் பொதுவான ஒரு வரலாறு இருக்கிறது.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி இதுதான்: மின்னசோட்டாவின் புகழ்பெற்ற பொதுநல மரபு எதிலிருந்து பிறந்தது, அதன் எல்லையை வகுத்தவர் யார்? அதற்கான விடையை இம்மாநிலத்து மக்களின் குணத்தில் தேடுவதே வழக்கம். நான் அதை ஏரிகளைச் சுற்றி எழுந்த சட்டங்களிலும் வரிகளிலும் வழக்குகளிலும் தேடுகிறேன். எது பொது, யார் அதற்கு உரியவர் என்ற வழக்கு அங்கே மிக நீண்ட காலம் நடந்தது நீரை முன்வைத்துத்தான்.

2. நிலமும் நீரும்

மின்னசோட்டாவின் வாகன எண் பலகைகள் 1950 முதல் பத்தாயிரம் ஏரிகளைப் பறைசாற்றி வருகின்றன. இது அடக்கமான கணக்கு. பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. மனிதர் கரை கட்டித் தேக்கியவை இவற்றுள் சொற்பம். பெரும்பாலானவை கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் தோண்டிவிட்டுப்போன பள்ளங்களில் நிற்பவை. அந்தப் பனி உருகியபோது வடமேற்கில் தேங்கிய அகாசிஸ் என்னும் மாபெரும் பனிநீர் ஏரி பின்னர் வடிந்துபோனது. இன்றைய ரெட் லேக் ஏரிகளும் லேக் ஆஃப் த உட்ஸும் அதன் எச்சங்கள். ஏரிப் படுகையாக இருந்த ரெட் ரிவர் பள்ளத்தாக்கு இன்று கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் விளையும் தட்டைச் சமவெளி.

மாநிலத்தின் நிலம் மூன்று இயற்கை மண்டலங்களாகப் பிரிகிறது. தென்மேற்கில் புல்வெளி, வடகிழக்கில் ஊசியிலைக் காடு, இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஓடும் இலையுதிர் காட்டுப் பட்டை. புல்வெளியில் இரண்டு சதவீதம்கூட இன்று மிஞ்சவில்லை. ஈரநிலங்களில் ஏறத்தாழப் பாதி வடிகால் குழாய் பதித்து உழவு நிலமாக்கப்பட்டது. ஏரிகளின் நாடு என்ற பெயருக்குப் பின்னால், வடிக்கப்பட்ட ஈரநிலங்களின் தெற்கும் மேற்கும் மறைந்துகிடக்கின்றன.

நீரோட்டத்தின் திசைதான் இந்நிலத்தின் தனிச்சிறப்பு. வடக்கே ஹிப்பிங் நகருக்கு அருகில் உள்ள ஓர் உயர்நிலத்தில் விழும் மழை மூன்று வழிகளில் பிரிகிறது: ரெய்னி ஆறு வழியாக ஹட்சன் வளைகுடாவுக்கு, சுப்பீரியர் ஏரி வழியாக அட்லாண்டிக்குக்கு, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. மிசிசிப்பி பிறப்பது இட்டாஸ்கா ஏரியில். 1832இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் அதைக் 'கண்டுபிடித்ததாக'ப் பாடநூல்கள் சொல்லும். அவரை அங்கே அழைத்துச் சென்றவர் அந்த ஏரியை முன்பே அறிந்திருந்த ஒசாவிண்டிப் என்னும் ஒஜிப்வே பழங்குடி வழிகாட்டி.

வேறிடத்திலிருந்து இங்கே பாய்ந்து வரும் ஆற்றுநீர் மிகக் குறைவு. வானத்திலிருந்து இறங்கும் நீர் மூன்று திசையிலும் வெளியேறுகிறது. மேலே இருக்கும் அண்டை மாநிலத்தின் மீது பழி போட மின்னசோட்டாவுக்கு வழியில்லை. அதன் நீரில் கலக்கும் அழுக்கில் பெரும்பங்கு அதன் சொந்த அழுக்கு. பின்னாளில் எழுந்த பொதுக்கொள்கை விவாதங்களுக்கு இந்த இயற்கை நிலைமை ஓர் அடித்தளம். ஆனால் அடித்தளம் மட்டும்தான்.

3. இருவகை விளக்கங்கள்

மின்னசோட்டாவின் அரசியல் பண்பாட்டைப் பற்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவர் டேனியல் எலாசர். அமெரிக்க மாநிலங்களின் அரசியல் பண்பாட்டை அறநோக்கு, தனிநபர்நோக்கு, மரபுநோக்கு என்று அவர் 1966இல் மூன்றாக வகுத்தார். அரசியலைப் பொதுநன்மைக்கான கூட்டுமுயற்சியாகக் கருதும் அறநோக்கு வகைக்கு மின்னசோட்டா தலையாய எடுத்துக்காட்டானது. நியூ இங்கிலாந்திலிருந்து மேற்கே நகர்ந்த பியூரிட்டன் வழியினரும், பின்னர் வந்த ஸ்காண்டிநேவியரும் இப்பண்பாட்டைச் சுமந்துவந்தனர் என்பது அவர் கருத்து. மக்கள் பேச்சில் இது இன்னும் சுருங்கி, எல்லாம் நார்வே, ஸ்வீடன் லூத்தரன்களின் கொடை என்றாகிவிட்டது.

இந்த விளக்கத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நார்வேயில் பிறந்த நூட் நெல்சன் 1893இல் ஆளுநரானார். பால் பண்ணைக் கூட்டுறவுகள், கிராம நூலகங்கள், லூத்தரன் கல்லூரிகள் ஆகியவற்றில் ஸ்காண்டிநேவியரின் பங்கு வெளிப்படை. 1930களில் விவசாயி-தொழிலாளர் கட்சியின் ஆளுநராகப் புகழ்பெற்ற ஃபிளாய்ட் பி. ஓல்சனும் அந்த வழிவந்தவரே.

ஆனாலும் மூன்று இடங்களில் இது தடுமாறுகிறது. முதலாவது, மாநிலத்தின் மிகப் பெரிய வம்சாவளிக் குழு ஜெர்மானியர். இரண்டாவது, தொடக்ககால நிறுவனங்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் மேய்ன், நியூ ஹாம்ஷையர் பகுதிகளிலிருந்து வந்த மாவு ஆலை முதலாளிகளும் வணிகர்களும். வாஷ்பர்ன், பில்ஸ்பரி போன்ற பெயர்களில் ஸ்காண்டிநேவியம் இல்லை. மூன்றாவது, அதே லூத்தரன் மக்கள் நடுவில்தான் மினியாபொலிஸ் முதலாளிகளின் சங்கமான 'சிட்டிசன்ஸ் அலையன்ஸ்' பல பத்தாண்டுகள் தொழிற்சங்கங்களை ஒடுக்கியது. 1934இல் லாரி ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் காவல்துறை சுட்டு இரண்டு தொழிலாளர்கள் இறந்த பிறகே அந்தப் பிடி தளர்ந்தது. 1946இல் பத்திரிகையாளர் கேரி மெக்வில்லியம்ஸ், அமெரிக்காவின் யூத வெறுப்புக்கே தலைநகரம் என்று இந்நகரைக் குறிப்பிட்டார். அங்கே மேயராக இருந்து வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் விதியை 1947இல் கொண்டுவந்த ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, மறு ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் குடிமை உரிமைகளுக்காக முழங்கினார். அறநோக்குப் பண்பாடு தானாகப் பழுத்து உதிர்ந்த கனியாக இதைக் கொள்ள முடியாது; நகரத்தின் நோய்க்கு எதிரான போராட்டம் அது.

இரண்டாவது விளக்கம் இயற்கையைக் காரணமாக்குகிறது. கடுங்குளிரும் ஏரிகளும் மனிதரை ஒத்துழைக்கப் பழக்கின என்பது அதன் சாரம். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். அங்கும் இதே பனிப்பாறை ஏரிகள், இதே குளிர், இதே ஜெர்மானிய, நார்வேக் குடியேறிகள். ஆயினும் நகரங்களுக்கு இடையே வரி வருவாயைப் பகிர்வது முதல் அரசு ஊழியர் சங்க உரிமைகள் வரை இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு வழியில் சென்றுள்ளன. குடிவழியும் குளிரும் சமமாக இருந்து விளைவு மாறுமானால், காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

4. பொது எவ்வாறு கட்டப்பட்டது

அந்த வேறிடம் நிறுவனங்கள். நான்கு கட்டங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதல் கட்டம், பூங்கா வாரியம். 1883இல் மினியாபொலிஸ் வாக்காளர்கள் தனித்துத் தேர்ந்தெடுக்கப்படும் பூங்கா வாரியம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தனர். நிலவடிவமைப்பாளர் எச். டபிள்யூ. எஸ். கிளீவ்லாந்து அதே ஆண்டில் ஏரிகளையும் மிசிசிப்பிக் கரையையும் பூஞ்சாலைகளால் இணைக்கும் திட்டத்தைத் தந்தார். ஏரிக்கரைகள் வீட்டு மனைகளாவதற்கு முன்பே வாரியம் அவற்றை வளைத்துப்போட்டது. அதனால் நகருக்குள் உள்ள ஏரிகளைச் சுற்றி இன்றும் எவரும் நடக்கலாம். மேற்கே சில மைல் தொலைவில் உள்ள மினடோங்கா ஏரியின் கரையில் பெரும்பகுதி மாளிகைகளின் கொல்லைப்புறம். இரண்டையும் பிரிப்பது இயற்கை இல்லை, உரிய காலத்தில் எடுக்கப்பட்ட ஒரு நிர்வாக முடிவு. இதில் தூய தியாகத்தையும் தேட வேண்டாம்: பூங்காவுக்கு நிலம் வாங்கிய செலவில் ஒரு பகுதி அக்கம்பக்கத்து மனைகளின் மீது விதிக்கப்பட்டது, மனைவிலை உயரும் என்ற கணக்கு திட்டத்துக்குள்ளேயே இருந்தது.

இரண்டாவது கட்டம், நீதிமன்றம். வணிகக் கப்பல் ஓடும் நீர்நிலையே பொதுநீர் என்பது பழைய சட்டக் கோட்பாடு. 1893இல் லாம்ப்ரே வழக்கில் மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை விரிவாக்கியது. பொழுதுபோக்குப் படகோட்டம், மீன்பிடிப்பு, குளியல், உறைந்த நீரில் சறுக்கல், வீட்டுக்கும் வயலுக்கும் நீரெடுத்தல், பனிக்கட்டி வெட்டுதல் ஆகியவையும் பொதுப் பயன்களே என்ற பார்வையை நீதிபதி வில்லியம் மிட்செல் முன்வைத்தார். நகரங்கள் பெருகும்போது இத்தகைய நீர்நிலைகளின் அருமை இன்னும் கூடும் என்று அவர் முன்னுணர்ந்தார். உழைப்புக்கு மட்டுமின்றி ஓய்வுக்கும் பொதுவுரிமை உண்டு என்ற கருத்துக்கு இங்கே சட்டத்தில் இடம் கிடைத்தது.

மூன்றாவது கட்டம், கழிவுநீர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின. வீட்டுக்கு ஒரு கிணறு, பக்கத்திலேயே ஒரு கழிவுத் தொட்டி. 1959இல் மாநிலச் சுகாதாரத் துறை ஆய்ந்தபோது ஏராளமான கிணறுகளில் கழிவு கலந்திருப்பது தெரியவந்தது. ஊருக்கு ஊர் தனித்தனியே தீர்க்க முடியாத சிக்கல் இது. 1967இல் ஏழு மாவட்டங்களுக்கும் பொதுவான பெருநகர மன்றம் தோன்றியதற்கு இதுவே உடனடிக் காரணங்களுள் முதன்மையானது. 1971இல் அதைவிடத் துணிச்சலான சட்டம் வந்தது: இந்த ஏழு மாவட்டங்களில் வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படை எவ்வளவு வளர்கிறதோ அதில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குச் சேரும், அங்கிருந்து வசதி குறைந்த ஊர்களுக்குக் கூடுதலாகப் பிரித்தளிக்கப்படும். பள்ளிச் செலவில் பெரும்பங்கை மாநில அரசே ஏற்ற நிதிச் சீர்திருத்தமும் அதே ஆண்டில் நிறைவேறியது. 'டைம்' அட்டையில் ஆண்டர்சன் சிரித்ததற்கு மீனைவிட இந்தச் சட்டங்களே பெரிய காரணம்.

நான்காவது கட்டம் 2008ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம். பொருளாதாரச் சரிவு தொடங்கிவிட்ட அந்த நவம்பரில் விற்பனை வரியை எட்டில் மூன்று சதவீதம் உயர்த்தலாமா என்று வாக்காளர்களிடம் கேட்கப்பட்டது. மின்னசோட்டாவில் இத்தகைய வாக்கெடுப்பில் வெற்றுச்சீட்டும் எதிர்ப்பாகவே கணக்கிடப்படும். அப்படியும் 56 சதவீதம் பேர் ஆதரித்தனர். கிடைக்கும் தொகையில் 33 சதவீதம் வனவாழ்விடங்களுக்கு, 33 சதவீதம் நீர்த்தூய்மைக்கு, 14.25 சதவீதம் பூங்காக்களுக்கு, 19.75 சதவீதம் கலைக்கும் பண்பாட்டு மரபுக்கும். வாத்து வேட்டைக்காரரும் நாடகக்காரரும் ஒரே வரிக்காக வாக்குக் கேட்டது அந்தத் தேர்தலில் நடந்தது. நல்லெண்ணத்தைவிடக் கூட்டணிக் கணக்கே இதைச் சாதித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

5. கரைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

இந்த நான்கு கட்டங்களையும் மட்டும் அடுக்கினால் முன்னேற்றத்தின் கதை கிடைக்கும். அதற்கு அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது.

மிசிசிப்பியும் மின்னசோட்டா ஆறும் கூடும் இடம் டகோட்டா பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. அதன் மேட்டில்தான் ஸ்னெல்லிங் கோட்டை எழுந்தது. 1851இல் இரண்டு ஒப்பந்தங்கள் மூலம் டகோட்டாக்கள் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் நிலத்தை இழந்து, மின்னசோட்டா ஆற்றோரம் ஒரு குறுகிய பட்டைக்குள் ஒடுங்கினர். 1862 கோடையில் ஒப்பந்தப் பணம் வந்துசேராமல், வணிகர் கடன் மறுக்க, பசியின் பிடியில் போர் மூண்டது. அவசர விசாரணையில் 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதிபர் லிங்கன் அந்தப் பட்டியலைக் குறைத்தார். டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்க வரலாற்றில் இதைவிடப் பெரிய கூட்டுத் தூக்கு இல்லை. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் குளிர்காலத்தை ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே அடைபட்டுக் கழித்தனர். மறு ஆண்டு டகோட்டாக்களை மாநிலத்திலிருந்து வெளியேற்றும் சட்டம் நிறைவேறியது. பூங்கா வாரியம் பொதுவாக்கிய ஏரிக்கரைகள், இந்த வெளியேற்றத்துக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 'காலியாக' இருந்த கரைகள்.

இரண்டாவது விலக்கல் பத்திரங்களில் நடந்தது. 1910 முதல் மினியாபொலிஸ் வீட்டுப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'மேப்பிங் பிரெஜுடிஸ்' ஆய்வுக் குழு இத்தகைய பத்திரங்களை ஆயிரக்கணக்கில் தேடியெடுத்து வரைபடமாக்கியுள்ளது. பூங்காக்களையும் ஏரிகளையும் அடுத்த பகுதிகளில் அவை அடர்ந்திருப்பது அதில் தெரிகிறது. பொதுப்பணத்தில் ஏரிக்கரை அழகானது; மனைவிலை ஏறியது; அந்த விலையேற்றத்தின் பயன் யாருக்குச் சேரவேண்டும் என்பதைத் தனியார் பத்திரம் தீர்மானித்தது. கரையில் நடக்க யாருக்கும் தடையில்லை, கரையருகே வாழத்தான் தடை. 1953இல் மாநிலம் புதிய நிபந்தனைகளைத் தடைசெய்தது. செயின்ட் பாலின் கறுப்பினக் குடியிருப்பான ரோண்டோ, அதன் பிறகும் தப்பவில்லை. நெடுஞ்சாலை அதன் நடுவே போடப்பட்டது.

பொருளியலாளர் சாமுவேல் மையர்ஸ் இதன் விளைவை 'மின்னசோட்டா முரண்' என்கிறார். சராசரியில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், இன இடைவெளியில் கடைசி வரிசையில் நிற்கிறது. வெள்ளையரில் ஏறத்தாழ நான்கில் மூவர் சொந்த வீடு உடையவர்கள். கறுப்பினத்தவரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மட்டுமே. மையர்ஸின் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் முரண் என்ற பெயரில் எனக்குத் தயக்கம் உண்டு. முரண் என்றால் ஒன்றோடொன்று ஒட்டாதவை எதிர்பாராமல் சேர்ந்திருக்கின்றன என்றாகும். இங்கே நன்மையும் விலக்கலும் ஒரே கருவிகளால் செய்யப்பட்டன. பொதுப்பூங்காவும் இனநிபந்தனையும் ஒரே மனைச்சந்தையின் இரண்டு கைகள்.

நகரின் மிகப் பெரிய ஏரிக்கு, அடிமைமுறையின் தீவிர ஆதரவாளரான ஜான் கால்ஹூனின் பெயர் நெடுங்காலம் இருந்தது. அதன் டகோட்டாப் பெயரான 'பெடே மகா ஸ்கா'வை மாநில இயற்கைவளத் துறை 2018இல் மீட்டது. கரையோரக் குடியிருப்பாளர் சிலர் வழக்குத் தொடுக்க, 2020 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் துறையின் அதிகாரத்தை உறுதிசெய்தது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதும் அதே மே மாதத்தில்தான்.

6. இரும்பும் காட்டரிசியும்

வடக்கே பொதுநலத்தின் கணக்கு வேறு. மெசாபி மலைத்தொடரிலிருந்து 1892இல் முதல் இரும்புத்தாது கிளம்பியது. ஃபின்லாந்து, ஸ்லோவேனியா, குரோஷியா, இத்தாலி நாட்டவர் சுரங்கங்களில் குவிந்தனர்; 1907இலும் 1916இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. தாது தீர்ந்துபோகும் பொருள், தீருமுன் அதில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்ற வாதம் சுரங்க வரியாக மாறியது. பள்ளிகளுக்கென ஒதுக்கிய நிலங்களின் தாது வருவாய் நிலையான பள்ளி நிதியில் சேர்ந்தது. இதன் உச்சத்தை ஹிப்பிங்கில் காணலாம். ஊருக்கு அடியிலேயே தாது இருந்ததால் ஊரையே பெயர்த்துத் தெற்கே கொண்டுபோனார்கள். அதற்கு ஈடாக 1920களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் செலவில், படிகச் சரவிளக்குகள் தொங்கும் கலையரங்கத்தோடு ஒரு உயர்நிலைப் பள்ளி எழுந்தது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. பின்னாளில் பாடகர் பாப் டிலன் படித்த பள்ளியும் அதுதான்.

அதே இரும்புதான் ஏரியையும் நெருக்கியது. உயர்தரத் தாது குறைந்தபின், கடினமான டாகொனைட் பாறையை அரைத்து இரும்பைப் பிரிக்கும் முறை வந்தது. சில்வர் பே ஊரில் இருந்த ரிசர்வ் மைனிங் ஆலை 1950களின் நடுப்பகுதியிலிருந்து சுப்பீரியர் ஏரியில் தாதுக் கழிவைக் கொட்டியது. உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு 67,000 டன். டுலூத் நகரத்தின் குடிநீரில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற இழைகள் இருப்பதாக 1973இல் அறிவிக்கப்பட்டது. 1974 ஏப்ரலில் நீதிபதி மைல்ஸ் லார்டு ஆலையை மூட உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டே நாளில் அதை நிறுத்திவைத்தது. கழிவு நிலத்தில் கொட்டப்படும் ஏற்பாடு 1980இல்தான் முடிந்தது. ஏறத்தாழ 3,000 பேரின் வேலையும் ஒரு நகரத்தின் குடிநீரும் எதிரெதிர்த் தட்டில் நின்ற வழக்கு இது. நல்வாழ்வின் அட்டைப்படம் வெளியான அதே கோடையில் டுலூத் மக்கள் தங்கள் குடிநீரைக் கண்டு அஞ்சினார்கள்.

காட்டரிசியின் வழக்கு இன்னும் நுட்பமானது. ஒஜிப்வே மக்கள் 'மனோமின்' என்று அழைக்கும் இந்தப் புல்தானியம் ஆழமில்லாத ஏரிகளில் தானே விளைகிறது. நீரின் மீது உணவு வளரும் இடத்துக்கு அழைத்துச் சென்ற இடப்பெயர்வுக் கதையே அவர்களுடைய வரலாற்றின் மையம். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் அறுவடை. சிறு படகில் இருவர்: ஒருவர் நீண்ட கழியால் ஊன்றித் தள்ளுவார், மற்றவர் ஒரு கோலால் கதிர்களைப் படகின் மேல் வளைத்து இன்னொரு கோலால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணிகள் படகுக்குள் விழும், முற்றாதவை தாளிலேயே நிற்கும், சில நீரில் உதிர்ந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகும். பிறகு வெயிலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் வறுத்து, உமி நீங்க மிதித்து, புடைத்தெடுப்பார்கள். மாநிலச் சட்டமும் இந்த முறையையே அடியொற்றுகிறது: படகு 18 அடிக்கு மேல் நீளக்கூடாது, தட்டும் கோல் 30 அங்குலத்தையும் ஒரு பவுண்டு எடையையும் தாண்டக்கூடாது, இயந்திரம் கூடாது.

நீரில் சல்ஃபேட் மிகுந்தால் அது அடிச்சேற்றில் சல்ஃபைடாக மாறி வேரைத் தாக்கும். 1940களில் ஜான் மாய்ல் செய்த கள ஆய்வை அடிப்படையாக வைத்து, காட்டரிசி நீர்நிலைகளில் சல்ஃபேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை மாநிலம் 1973இல் விதித்தது. சுரங்க நீரில் சல்ஃபேட் இருக்கும் என்பதால் அந்த விதி பல பத்தாண்டுகள் ஏட்டளவில் கிடந்தது. பொது என்று எழுதப்பட்ட ஒன்றை நடைமுறைப்படுத்தும் விருப்பம் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உரிமையை மீட்டதும் நீதிமன்றத்தில்தான். 1837 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்த ஒஜிப்வேக்கள் அங்கே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டரிசி எடுக்கவும் உரிமை வைத்துக்கொண்டனர். 1858இல் மாநிலமானபோதே அவ்வுரிமை அற்றுப்போனது என்று மின்னசோட்டா அரசு வாதிட்டது. 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மில் லாக்ஸ் ஒஜிப்வேக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மில் லாக்ஸ் ஏரியே காலியாகிவிடும் என்று விளையாட்டு மீன்பிடிப்பாளர் அஞ்சினர். அதற்கு மாறான அனுபவத்தை ரெட் லேக் தருகிறது. அங்கே மிகைப்பிடிப்பால் வால்ஐ மீன்வளம் சரிந்தபோது பழங்குடி அரசும் மாநில அரசும் சேர்ந்து மீன்பிடிப்பை நிறுத்தி, குஞ்சுகளை விட்டு வளர்த்தன. 2006இல் ஏரி மீண்டும் திறக்கப்பட்டது. உரிமை பகிரப்பட்டால் பொறுப்பும் பகிரப்படும் என்பதற்கு இது சான்று.

7. பண்பாட்டின் ஏரி

மே மாதம் மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாளில் ஆளுநர் தூண்டிலோடு போவது 1948 முதல் அரசியல் சடங்கு. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மேல் மீன்பிடிக் குடில்கள் ஊர்போல முளைக்கும். பனியில் துளையிட்டு, அடுப்பு மூட்டி, சீட்டாடிக்கொண்டு காத்திருப்பார்கள். கடந்த ஐம்பதாண்டுகளில் ஏரிகள் உறைந்திருக்கும் காலம் சராசரியாகப் பத்து நாட்களுக்கு மேல் சுருங்கிவிட்டது.

ஏரியைக் கற்பனையாகவும் இம்மாநிலம் கட்டியது. 1974இல் கேரிசன் கெய்லர் தொடங்கிய வானொலி நிகழ்ச்சியின் லேக் வோபிகான் என்னும் கற்பனை ஊர், கூச்ச சுபாவமுள்ள லூத்தரன்களின் மின்னசோட்டாவை நாடெங்கும் நம்பவைத்தது. சாக் சென்டர் ஊர்க்காரரான சின்க்ளேர் லூயிஸ் 'மெயின் ஸ்ட்ரீட்' நாவலில் அதே சிற்றூரின் மூச்சுமுட்டலை 1920லேயே எழுதிவிட்டார் என்பது வசதியாக மறக்கப்பட்டது. விவசாயிகளின் கூட்டுறவாக 1921இல் தோன்றிய லேண்ட் ஓ லேக்ஸ் நிறுவனத்தின் வெண்ணெய் உறையில், ஏரியின் முன் மண்டியிட்ட பழங்குடிப் பெண்ணின் உருவம் நெடுங்காலம் இருந்தது. ரெட் லேக் ஒஜிப்வே ஓவியர் பேட்ரிக் டெஸ்ஜார்லே 1954இல் அதைத் திருத்தி வரைந்தார். 2020இல் அந்தப் பெண் நீக்கப்பட்டார்; ஏரியும் மரங்களும் உறையில் நீடிக்கின்றன. இனக்கேலியை அகற்றியதாக ஒரு தரப்பும், நிலத்தை வைத்துக்கொண்டு ஆளை அகற்றியதாக மறுதரப்பும் சொன்னார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு.

இந்த ஒற்றைப் படத்தை உடைத்தவர்கள் எழுத்தாளர்கள். ஒஜிப்வே வம்சாவளியைச் சேர்ந்த லூயிஸ் எர்ட்ரிச் மினியாபொலிஸில் புத்தகக் கடை நடத்திக்கொண்டே எழுதி, 2021இல் புலிட்சர் பரிசு பெற்றார். செயின்ட் பாலில் 1976இல் தொடங்கிய பெனும்ப்ரா கறுப்பின நாடக அரங்கில் ஆகஸ்ட் வில்சன் தம் தொடக்ககால நாடகங்களை மேடையேற்றினார். தாய்லாந்தின் அகதி முகாமில் பிறந்த காவ் கலியா யாங், ஹ்மாங் அகதிக் குடும்பங்களின் செயின்ட் பாலை எழுதுகிறார். இன்று நாட்டிலேயே மிகப் பெரிய சோமாலியச் சமூகமும் இங்கேதான் வாழ்கிறது. லூத்தரன் குணம் என்ற விளக்கத்தால் இந்த மின்னசோட்டாவைத் தொடவே முடியாது.

8. முடிவு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். மின்னசோட்டாவின் பொதுநல மரபு கற்பிதம் இல்லை. வரிப் பகிர்வும் பொதுக் கரையும் பள்ளி நிதியும் கண்ணால் காணக்கூடியவை. அது இனக்குணத்திலிருந்தோ குளிரிலிருந்தோ தானாக விளையவும் இல்லை. கழிவு கலந்த கிணறு, தீர்ந்துபோகும் தாது, ஏறிவரும் மனைவிலை போன்ற நெருக்கடிகளில் மனிதர் வாதாடிக் கட்டியது. அப்படிக் கட்டியபோதெல்லாம் பயனாளிகளின் பட்டியலும் சேர்ந்தே எழுதப்பட்டது. பட்டியலில் இடம்பெறாதவர்கள் 1837 ஒப்பந்தத்தையும் பழைய வீட்டுப் பத்திரங்களையும் ஆதாரமாகக் காட்டி வாதாடும்போதுதான் அந்த மரபு தன் பெயருக்கு நெருங்கி வந்திருக்கிறது.

ஆகவே இம்மாநிலத்தைப் புகழ்வோரும் பழிப்போரும் அதன் குணத்தைப் பற்றிப் பேசுவதை விட்டு அதன் விதிகளைப் பற்றிப் பேசுவது பயன்தரும். குணத்தை மாற்ற வழி தெரியாது. விதியை மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். ஆற்றோரங்களிலும் ஏரியோரங்களிலும் உழவு நிலத்துக்கு முன் சராசரி 50 அடி அகலத்துக்குப் புல்பட்டை விடவேண்டும் என்று 2015இல் வந்த சட்டம், தனியுடைமையின் ஓரத்தில் பொதுநலத்துக்கு இடம் கேட்ட அண்மை உதாரணம். நீருக்கும் கலைக்கும் சேர்த்து விதித்த 2008ஆம் ஆண்டின் வரி 2034இல் காலாவதியாகிறது. அதை நீட்டிக்க வேண்டுமானால் மின்னசோட்டா வாக்காளர்களிடம் மீண்டும் செல்ல வேண்டும்.